வருடத்துக்குக் கீழே ஒரு புள்ளி

“இந்தக் கடையில மாத்திரை உடனே கிடைச்சிரும்டி. மிச்சக் காசு வாங்கறதுக்குள்ளதான் தலைவலி திரும்ப வந்துரும்.”

கேட்டதா அம்மா உங்களுக்கு? அந்தப் பச்சைப் புடவைக்காரி படி இறங்கும்போது கூட வந்தவளிடம் சொல்லிக்கொண்டு போனாள். மெல்லத்தான் சொன்னாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். மருந்துக்கடை வைத்திருப்பவனுக்குக் காது கேட்டாக வேண்டும். பாதிப் பேர் நோயின் பெயரை வாய்க்குள்ளேயேதான் சொல்வார்கள்.

உட்காருங்கள். அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். உங்கள் கம்பெனியிலிருந்து இதற்கு முன் வந்துகொண்டிருந்த ரெப் பையன் போய்விட்டானா? நல்ல பையன்தான். நான் பேச ஆரம்பித்தால் வாட்ச்சைப் பார்ப்பான். நீங்கள் பார்க்கவில்லை, கவனித்தேன். ஆர்டர் எழுதித் தருகிறேன், கவலைப்படாதீர்கள். இருமல் மருந்து, வயிற்று மாத்திரை எல்லாம் எழுதுகிறேன். மழையும் விடட்டும். இந்தத் துவரங்குறிச்சியில் மழை பிடித்தால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூட நடக்க முடியாது.

அந்த அம்மாள் சொன்னதற்கு நான் பதில் சொல்ல வேண்டாமா? சில்லறையை நான் மெதுவாகத்தான் கொடுக்கிறேன். மறுக்கவில்லை. ஆனால் ஏன் என்று யாராவது கேட்டார்களா? ஒரு ரூபாயைக் கைவிடுவதற்கு முன் நான் அதை ஒருமுறை பார்ப்பேன். அவ்வளவுதான். வருடத்தைப் பார்ப்பேன், வருடத்துக்குக் கீழே பார்ப்பேன். கண் முன்போல் இல்லை, அதனால் லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். இந்த லென்ஸை முதலில் மருந்து அட்டையில் எக்ஸ்பயரி தேதி படிக்கத்தான் வாங்கினேன். இப்போது தேதியையெல்லாம் கோமளம் படித்துவிடுகிறாள். கோமளம் என் வீட்டுக்காரி. மத்தியானம் நான் சாப்பிடப் போகும்போது கடையில் உட்காருவாள். கெட்டிக்காரி. மருந்து விஷயத்தில் என்னைவிடத் தேர்ந்தவள். காசு விஷயம் மட்டும் அவளுக்குச் சுத்தமாகத் தெரியாது.

உங்கள் பையில் ஒரு ரூபாய் இருக்கிறதா? கொடுங்கள், திருப்பித் தந்துவிடுவேன். இதோ வருடம். அதற்குக் கீழே பாருங்கள், சின்னதாக ஒரு நட்சத்திரம் தெரிகிறதா? ஹைதராபாத்தில் அடித்தது. வைரம் மாதிரி ஒரு கட்டம் இருந்தால் மும்பை. புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா. நாடு முழுக்க இதைக் கையில் வைத்துப் புரட்டுகிறார்கள். குனிந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? நான் பார்த்தேன். பார்த்த நாளிலிருந்து இதே வேலைதான்.

இந்தாருங்கள் உங்கள் காசு. இது என்னிடம் இருக்கிறது.

என் சேகரிப்பு பெரியது ஒன்றும் இல்லை. ராஜா காலத்துச் செப்புக் காசு, ராணி தலை போட்ட வெள்ளிக் காசு, அதெல்லாம் வசதி உள்ளவர்கள் சமாச்சாரம். எனக்குக் கதிர் போட்ட சின்ன எவர்சில்வர் ஒரு ரூபாய் மட்டும். அது வந்த வருடத்திலிருந்து நின்ற வருடம் வரை, எந்தெந்த ஊரில் அடித்தார்களோ அந்தந்த ஊர் அடையாளத்தோடு ஒவ்வொன்று. ஒரு விதியும் வைத்திருக்கிறேன். விலை கொடுத்து வாங்கக் கூடாது. மதுரையில் ஒருவர் இருக்கிறார், போன் பண்ணினால் கேட்ட காசைக் கூரியரில் அனுப்பிவிடுவார். அப்படி வாங்குவது துவரம்பருப்பு வாங்குவது மாதிரி. காசு தானாகக் கைக்கு வர வேண்டும். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க வந்தவர் கொடுக்க வேண்டும், பூக்காரி கொடுக்க வேண்டும், பஸ் கண்டக்டர் கொடுக்க வேண்டும்.

கஷ்டம் இல்லையா என்றால், கஷ்டம்தான். தேய்ந்த காசில் நட்சத்திரமும் புள்ளி மாதிரி தெரியும். கீறல் விழுந்த கல்கத்தா மும்பை மாதிரி தெரியும். ஒரு தடவை புள்ளி, புள்ளி என்று கடைக்குள் குதித்தேன். கோமளம் வாங்கி நகத்தால் சுரண்டினாள். வெல்லப்பாகு.

கடைசியில் ஒரே ஒரு காசு பாக்கி நின்றது. ஒரு குறிப்பிட்ட வருடத்து நொய்டாப் புள்ளி. எந்த வருடம் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் ஊர் ஊராகப் போகிறவர், எனக்கு முன்னால் உங்கள் கைக்கு வந்துவிடும். ஆல்பத்தில் அந்த ஒரு பை மட்டும் காலியாக இருந்தது. நடுப் பக்கத்தில், பல் விழுந்த மாதிரி. ஆல்பத்தைத் திறந்தால் மற்றது ஒன்றும் கண்ணில் படாது, அந்த ஓட்டை மட்டும்தான் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளை வாயைத் திறந்தார். என் தங்கை செண்பகத்தை மேலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் வீட்டுக்காரர் தணிகாசலம், டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். பொங்கலுக்கு வந்தவர் ஆல்பத்தைப் புரட்டினார். புரட்டிவிட்டு, “இவ்வளவையும் சேத்துக் குடுத்தா ரெண்டு புரோட்டாவும் ஒரு ஆம்லெட்டும் வருமா மச்சான்?” என்றார்.

நான் கோபப்படவில்லை. கோபப்படுவது என் சுபாவமே கிடையாது. “தரையைப் பாத்தே பழகின கண்ணுக்கு இதெல்லாம் தெரியாது மாப்பிள்ளை. ஆல்பத்தை வச்சிட்டுக் கையைக் கழுவுங்க” என்று மட்டும் சொன்னேன். கையைக் கழுவுங்கள் என்றது சாப்பிடத்தான். இலை போட்டாயிற்று. அவர் கையைக் கழுவினார், செருப்பைப் போட்டார், செண்பகத்தைக் கூப்பிட்டார், போய்விட்டார். சர்க்கரைப் பொங்கல் இலையிலேயே கிடந்தது. இதில் என் தப்பு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை.

அதோடு போக்குவரத்து நின்றது. நாலு வருடம். கோமளமும் என் கட்சிதான், செண்பகம் பெயரைக்கூட எடுக்க மாட்டாள். சாயங்காலம் மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போவாள். முக்கால் மணி நேரம் ஆகும், இறங்கி வரும்போது போன் சுட்டுக்கொண்டு இருக்கும். தன் அக்காவிடம் பேசி மனதை ஆற்றிக்கொள்கிறாள், பாவம் என்று விட்டுவிடுவேன்.

ஒரு நாள் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பி வந்தேன். கோமளம் மேஜைமேல் ஒரு காசை வைத்திருந்தாள். “இதுல என்னமோ அழுக்கு ஒட்டியிருக்குங்க, என்னன்னு பாருங்க” என்றாள். காசின் வருடப் பக்கம் மேலாக இருந்தது, எனக்கு நேராக இருந்தது. லென்ஸும் தற்செயலாகப் பக்கத்திலேயே கிடந்தது. பார்த்தேன். அழுக்காவது! புள்ளி அம்மா, அதே வருடத்துப் புள்ளி! லென்ஸைக் கீழே போட்டுவிட்டுக் காசோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிரஷர் மாத்திரை கேட்டு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். “உங்களுக்கா எனக்கா?” என்று கேட்டார்.

“அடி பைத்தியமே, இது என்னன்னு தெரியுமா உனக்கு?” என்றேன்.

“எனக்கு என்னங்க தெரியும், நீங்க சொன்னாத்தானே.”

பாருங்கள், இதைத்தான் சொன்னேன். கையில் வைத்துக்கொண்டு அழுக்கு என்கிறாள். நான் அன்றைக்குப் பத்து நிமிடம் தாமதமாக வந்திருந்தால் அதை யாருக்காவது மிச்சமாகக் கொடுத்திருப்பாள்.

அந்தக் காசைப் பையில் செருகினேன். ஆல்பம் நிறைந்தது. அந்தச் சந்தோஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? கல்யாணத்தன்றுகூட எனக்கு அப்படி இல்லை, கோமளத்திடமே சொன்னேன். அவளும் ஆமாம் என்றாள். பால்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எதிர்க்கடை டெய்லருக்குக் காட்டினேன். கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டே பார்த்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஓட்டை இல்லாமல் புரட்டினேன், திரும்பப் புரட்டினேன்.

அப்புறம்தான் ஒரு மாதிரி ஆயிற்று. கடையில் உட்கார்ந்திருக்கிறேன், ஒருவர் காசு கொடுக்கிறார், வாங்கிக் கல்லாவில் போடுகிறேன். பார்க்க ஒன்றும் இல்லை. மிச்சத்தை உடனே கொடுத்துவிட்டேன். “அண்ணாச்சி, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டுவிட்டார்கள். சோறு இறங்கவில்லை. லென்ஸை எடுத்து எக்ஸ்பயரி தேதி பார்த்தேன், அதில் சுவாரசியம் இல்லை. கோமளம் நான் சாப்பிடாத தட்டைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், துணி எடுக்க மாடிக்குப் போவாள்.

அப்போதுதான் செண்பகத்திடமிருந்து புதுவீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகை வந்தது. நான் போக மாட்டேன் என்றேன். கோமளம், “சரி, நீங்க வர வேண்டாம், நான் மட்டும் தலையைக் காட்டிட்டு வந்துடறேன்” என்றாள். ஒரே சொல்லில் சரி என்றுவிட்டாள். எனக்கே கொஞ்சம் ஏமாற்றம். இரண்டு தடவையாவது வற்புறுத்தியிருக்கலாம்.

போய்விட்டு மறுநாள் வந்தாள். வழக்கம்போல் ஆல்பத்தைத் திறந்தேன். நடுப் பக்கத்தில் ஓட்டை.

“கோமளம்!”

“என்னங்க?”

“இங்க இருந்த காசு எங்க?”

“அதுவா? மொய்க் கவர்ல ஆயிரம் ரூபாய் வச்சேன், மேல ஒரு ரூபாய் வைக்கணும்ல? மொட்டையா ஆயிரமா குடுப்பாங்க? அவசரத்துல அதுல இருந்து ஒண்ணு எடுத்தேன்.”

எப்படி இருக்கும் எனக்கு? பக்கத்து ஃபேன்சி ஸ்டோரில் ஒரு ரூபாய் ஒட்டிய கவரே தொங்குகிறது. எங்கள் கல்லாவில் கைவிட்டால் ஒரு ரூபாயாக வரும். கேட்டால், கல்லாச் சாவி கிடைக்கவில்லையாம். சாவி எப்போதும் அவள் கொத்தில்தான் இருக்கும். சரி, ஆல்பத்திலேயே எடுத்தாள், தொலையட்டும். அத்தனை காசு இருக்கிறது அதில். முதல் பக்கத்தில் எடுக்கக் கூடாதா, கடைசிப் பக்கத்தில் எடுக்கக் கூடாதா? நடுப் பக்கத்தில் போய், அந்த ஒன்றின்மேல் கை விழுந்திருக்கிறது. விவரம் தெரியாதவர்கள் கைதான் இப்படிச் சரியாகப் போய் விழும்.

“போய்த் திரும்ப வாங்கிட்டு வா” என்றேன்.

“மொய் வச்சதை நான் எப்படிங்க திரும்பக் கேட்பேன்? நீங்க அண்ணன். நீங்க வேணா போய்க் கேளுங்க.”

காசுக்காகப் போனேன் அம்மா. காசுக்காக மட்டும்தான். இதை எல்லோரிடமும் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

மேலூரில் இறங்கினால், மாப்பிள்ளை பைக்கோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார். வேறு யாரையோ அனுப்ப வந்தவராக இருக்க வேண்டும். “வாங்க மச்சான், ஏறுங்க” என்றார். வீட்டு வாசலில் செண்பகம் நின்றாள். என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்தாள். புது வீடு, பெயிண்ட் நெடி இன்னும் போகவில்லை. உள்ளே பருப்பு உருண்டைக் குழம்பு கொதிக்கிற வாசனை. எனக்குப் பிடிக்கும் அது. ஊற வைத்து, அரைத்து, உருட்டி, ஒரு காலைப் பொழுது போய்விடும். நான் போன அன்றைக்கென்று பார்த்து அதைச் செய்திருந்தாள். சில நாள் நமக்கு யோகம் அப்படி அமையும்.

சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளை ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். முழுக்க ஒரு ரூபாய்க் காசு. “நாலு வருசமா போட்டு வச்சிருக்கேன் மச்சான். நமக்குத்தான் தரை மட்டும்தானே பாக்கத் தெரியும், நீங்க பாருங்க” என்றார். முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார். எல்லாவற்றையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எல்லாம் என்னிடம் இருக்கிற காசுதான், ஒன்றுகூட உதவாது. ஆனாலும் ஒவ்வொன்றாகத்தான் பார்த்தேன். பாதியில் நிறுத்தினால் மனிதர் முகம் வாடிவிடும் போலிருந்தது. இது எந்த ஊர், அது எந்த ஊர் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் நான் சொல்வதற்கு முன்னால் அவரே, “இது ஹைதராபாத்து மச்சான்” என்றார். சரியாகத்தான் சொன்னார். தரை ஓட்டில் டிசைன் பார்த்துப் பழகிய கண், அது உதவும்.

காபி வந்த பிறகு மெல்ல ஆரம்பித்தேன். “செண்பகம், உங்க அண்ணி மொய்க் கவர்ல ஒரு ரூபாய் வச்சாளே...”

“அதை முடிஞ்சு வச்சிட்டேனே அண்ணே” என்றாள்.

சாமி அலமாரியில் மாரியம்மன் படத்துக்கு முன்னால் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று. என் புள்ளிக் காசு அதற்குள். எனக்குக் காபி கசந்துவிட்டது.

“எப்ப முடிஞ்ச?”

“அண்ணி கையால வாங்கின கையோட.”

“என்ன வேண்டுதல்?”

“அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது.”

“நடந்துருச்சா?”

“நடந்துருச்சு. இன்னிக்குத்தான் நடந்துச்சு” என்று சொல்லிவிட்டு மறுபடி பெயிண்ட் நெடியில் மூக்கை உறிஞ்சினாள்.

நானும் யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு அந்த வீட்டில் என்ன நடந்தது? நான் போனேன், சாப்பிட்டேன், காசு பார்த்தேன். வேறு ஒன்றுமே இல்லை. பிறகு விசாரித்ததில்தான் தெரிந்தது, அன்று காலையில்தான் புது மோட்டாரில் தண்ணீர் ஏறியிருக்கிறது. அதுவாகத்தான் இருக்கும். ஒரு மோட்டாருக்கு என் காசா என்று வயிறு எரிந்தது. பிளம்பருக்குக் கொடுத்திருக்கலாம்.

“வேற ஒரு ரூபாய் தர்றேன், மாத்திக்கலாமா?” என்றேன்.

“முடிஞ்ச காசை மாத்தக் கூடாதுண்ணே. வர்ற வெள்ளிக்கிழமை சமயபுரம் போறோம், உண்டியல்ல போட்டுருவேன். வழியில உன்னையும் ஏத்திக்கிறோம், அண்ணியையும் கூட்டிட்டு வா.”

போகாமல் இருக்க முடியுமா? காசு உண்டியலுக்குள் விழுந்தால் விழுந்ததுதான். அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். செய்தேன். அதே வருடத்துக் காசு இன்னொன்று, வைரக் கட்டம் போட்ட மும்பைக் காசு, கல்லாவில் தேடி எடுத்தேன். முடிச்சில் கிடந்தது மாதிரி தெரிய மஞ்சள் தூள் தடவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அம்மனுக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, பாருங்கள். ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய். நொய்டாவா மும்பையா என்று அம்மன் பார்க்கப் போவதில்லை.

வேனில் நாலு பேரும் போனோம். முடிச்சு செண்பகத்தின் கைப்பையில். பையை நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். “உனக்கு எதுக்குண்ணே சிரமம்?” என்றாள். டீ குடிக்க இறங்கினோம், பையோடு இறங்கினாள். விராலிமலையில் மயில் பார் என்றேன். பையைக் கட்டிக்கொண்டே மயில் பார்த்தாள். கோமளம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள். வேனில் போனால் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது.

மழை குறைந்திருக்கிறதே. இருங்கள், முடித்துவிடுகிறேன். ஆர்டர் நோட்டை இப்படிக் கொடுங்கள், பேசிக்கொண்டே எழுதுகிறேன்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையானால் நான் மேலூரில்தான் இருக்கிறேன். மேலூர்ச் சந்தையில் சில்லறை நிறையப் புழங்கும், அதற்காகத்தான் போகிறேன். சந்தை நடப்பது வேறு கிழமையாம், மாப்பிள்ளை சொன்னார். அதனால் என்ன, அவர் கடையிலும் சில்லறை வருகிறது. இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம். அவருக்கும் ஒரு லென்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஆல்பத்தில் அந்த ஓட்டை அப்படியேதான் இருக்கிறது. அதனால்தான் இங்கே சில்லறை கொடுக்க நேரமாகிறது. அந்தப் பச்சைப் புடவைக்காரி இதையெல்லாம் கேட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாளா?

அன்றைக்குச் சமயபுரம் கோயிலில் நல்ல கூட்டம். வெள்ளிக்கிழமை, கேட்க வேண்டுமா? உண்டியல் பக்கத்தில் போனதும் செண்பகம் முடிச்சை எடுத்தாள். நான் சட்டைப்பையில் கையை விட்டுத் தயாராக நின்றேன். அவள் போடுவாள், கை தவறுகிற மாதிரி நான் குறுக்கே நுழைய வேண்டும் என்று திட்டம். பார்த்தால், முடிச்சை என்னிடம் நீட்டுகிறாள்.

“நீயே அவுத்துப் போடுண்ணே” என்றாள். சொல்லிவிட்டுக் கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார். கோமளம் என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தாள்.

அவிழ்த்தேன். இடது கையில் நொய்டா, வலது கையில் மும்பை. இரண்டிலும் மஞ்சள். லென்ஸ் இல்லாமலே புள்ளி தெரிந்தது எனக்கு. செண்பகம் கண்ணை மூடியபடியே இருந்தாள். வேண்டுதல் சொல்லி முடிக்க இவ்வளவு நேரம் ஆகாது, மோட்டாருக்கு நன்றி சொல்ல இவ்வளவு நேரம் ஆகவே ஆகாது. பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. “சீக்கிரம் மச்சான்” என்றார் மாப்பிள்ளை, கூரையைப் பார்த்தபடியே.

புள்ளிக் காசைத்தான் போட்டேன். கூட்டம் தள்ளியதில் கை மாறிவிட்டது என்று கோமளத்திடம் சொல்லியிருக்கிறேன். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

உண்டியலுக்குள் அது விழுந்த சத்தம் கேட்டது. செண்பகம் கண்ணைத் திறந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. மூடியிருந்த என் வலது கையைத்தான் பார்த்தாள்.

“அந்தக் கையில இருக்கறதையும் குடுண்ணே” என்றாள்.

கொடுத்தேன். அதைத் திருப்பி வருடத்தைப் பார்த்தாள், வருடத்துக்குக் கீழே பார்த்தாள். பிறகு என் இடது கையிலிருந்த மஞ்சள் துணியை வாங்கி, அந்தக் காசை நடுவில் வைத்துச் சுருட்டி, இரண்டு முடிச்சாகப் போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டாள்.